அல்லியம் கிறிஸ்டோஃபீ: பூ விரியும் முன்பே இலை காய்கிறது

குளிர்தேசத்துக்காரி: போன அக்டோபரில் அல்லியம் கிறிஸ்டோஃபீ என்கிற வெங்காய இனப் பூச்செடியின் கிழங்கு 10 வாங்கி வீட்டு முன்பக்கம் நட்டேன், 8 முளைத்தது. லண்டன் களிமண்தான். இப்போது மே கடைசி, தண்டு முழ உயரம் வந்து மொட்டு உருண்டையாக நிற்கிறது, ஆனால் இலையெல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாகி அலங்கோலமாகக் கிடக்கிறது. தண்ணீர் கூட்டியும் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். இலையை வெட்டிவிடலாமா?

மண்வெட்டி: ஐயோ வெட்டாதீர்கள். அதன் சுபாவமே அதுதான். துருக்கி, ஈரான், துர்க்மெனிஸ்தான் பக்கத்துச் செடி, அங்கே கோடையில் மண் வறண்டுவிடும், அதனால் வசந்தத்திலேயே இலை தன் வேலையை முடித்து, சேர்த்ததைக் கிழங்குக்குள் இறக்கிவிட்டுக் காய ஆரம்பிக்கும், பூ அப்புறம்தான். பச்சை இருக்கும்வரை விடுங்கள், அடுத்த வருடப் பூ அதில்தான் இருக்கிறது. இழுத்தால் கையோடு வரும்போது எடுக்கலாம். தண்ணீர் இனி வேண்டாம். முளைக்காத இரண்டும் குளிர்கால ஈரத்தில் அழுகியிருக்கும்.

கீதா_அக்கா: எனக்கும் முதல் வருடம் இதே பயம். இதன் முன்வரிசையில் ஜெரேனியம் பூச்செடி நட்டுவிட்டேன், இலை காய்வதே தெரியாது. பூ வாடினதும் தண்டை நறுக்கிவிடாதீர்கள். ஒரு சாண் அகல உருண்டை, நட்சத்திரம் நட்சத்திரமாக அப்படியே காய்ந்து நிற்கும். போன நவராத்திரிக்குக் கொலுப்படியில் வைத்தேன், வந்தவர்கள் எல்லாம் பிளாஸ்டிக்கா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து நாலு நட்சத்திரத்தை உதிர்த்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று, ட்யூலிப்பைத் தோண்டித் தின்கிற அணில் இதை அவ்வளவாகத் தொடாது. நாய் இருந்தால் கவனம், வெங்காயக் குடும்பம் எதுவும் நாய்க்கு ஆகாது.

மொட்டைமாடி: சென்னையில் வருமா? பூக்காவிட்டால் சாம்பாரில் போட்டுவிடலாமே :)

மண்வெட்டி: வராது தம்பி. பூ வர, கிழங்குக்குச் சில மாதம் நல்ல குளிர் வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியிலேயே கூழாகிவிடும். சாம்பாருக்கும் வேண்டாம், நடுவதற்கு விற்கும் கிழங்கில் பூஞ்சை மருந்து தடவியிருக்கலாம்.

குளிர்தேசத்துக்காரி: மூன்று வாரம் கழித்து வருகிறேன். எட்டும் பூத்துவிட்டது, வெள்ளி பூசின ஊதா! முளைக்காத இரண்டையும் தோண்டினேன், மண்வெட்டி சொன்னதுதான், கூழ். கூரைத் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடம் அது, நடும்போது கவனிக்கவில்லை. அங்கே வேறு என்ன வைக்கலாம்?