மைஎஸ்கியூஎல் 8.0: இரவல் அட்டவணையில் ஃபாரின் கீ சேர்க்க முயன்றால் 3780, அதன் பிறகு 1452

நூலகப் பொறுப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல் 5.7 இயங்கிய பழைய சர்வரிலிருந்து 8.0 உள்ள புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய அமைப்பில் அட்டவணைகளுக்கிடையே ஃபாரின் கீ (ஓர் அட்டவணையில் வரும் மதிப்பு மற்றோர் அட்டவணையிலும் இருந்தாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு) எதுவும் இருந்ததில்லை. இம்முறை அதை முறையாக ஏற்படுத்திவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

"உறுப்பினர்" அட்டவணையின் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் விசை), உறுப்பினர்_எண் என்னும் வார்கேர்(12), அதாவது 12 எழுத்து வரை கொள்ளும் நெடுவரிசை. எண்கள் 00147 என்பதுபோல் முன்னால் பூச்சியத்துடன் வருவதால் அது இன்டீஜராக வைக்கப்படவில்லை. இந்த அட்டவணையை டம்ப் (அமைப்பையும் தரவையும் கட்டளைகளாக எழுதிய கோப்பு) எடுத்து அப்படியே கொண்டுவந்தேன். "இரவல்" அட்டவணையின் அமைப்பு மாறியதால் அதைப் புதிய சர்வரிலேயே புதிதாக உருவாக்கினேன். அதற்கான பழைய பதிவுகளைத் தற்காலிக அட்டவணை வழியாகவும், கிளை வாசகசாலையின் பதிவுகளை அவர்கள் விண்டோஸ் கணினியில் எடுத்துக் கொடுத்த சிஎஸ்வி கோப்பிலிருந்தும் ஏற்றினேன். அதிலும் உறுப்பினர்_எண் வார்கேர்(12) தான்.

இப்போது இரவல் அட்டவணையில் ஃபாரின் கீ சேர்க்க முயன்றால், இரண்டு நெடுவரிசைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பிழை எண் 3780 வருகிறது. இரண்டும் வார்கேர்(12) ஆக இருக்கும்போது எது பொருந்தவில்லை என்பது விளங்கவில்லை. இரண்டையும் ஜாயின் செய்து பார்க்க முயன்றேன், அதற்கும் 1267 என்ற பிழைதான் வருகிறது. ஃபாரின் கீ சரிபார்ப்பை நிறுத்திவிட்டுச் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் கூறினார். அது பாதுகாப்பானதா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தரவுத்தளப் பணியாளர்

வணக்கம். நீங்கள் தந்த இரண்டாவது பிழை எண்ணிலேயே விடை இருக்கிறது. 1267 என்பது வெவ்வேறு கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) கொண்ட இரு எழுத்து நெடுவரிசைகளை ஒப்பிட முயலும்போது வருவது. ஷோ கிரியேட் டேபிள் கட்டளையை இரண்டு அட்டவணைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். உறுப்பினர் அட்டவணையில் பழைய கொலேஷனும், இரவல் அட்டவணையில் யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என்பதும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். 8.0 பதிப்பில் இயல்பாக அமையும் கொலேஷன் இதுதான், ஆகவே நீங்கள் பெயர் குறிப்பிடாமல் உருவாக்கிய அட்டவணைக்கு அதுவே வந்திருக்கும்.

ஃபாரின் கீ பிழைகளைப் பார்க்கும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, பிழை அட்டவணையின் வரையறையில் உள்ளதா அல்லது உள்ளே இருக்கும் தரவில் உள்ளதா என்பதைத்தான். 3780, தாய் அட்டவணையில் (ஃபாரின் கீ சுட்டும் அட்டவணை, இங்கே உறுப்பினர்; சுட்டுகிற இரவல் சேய்) இண்டெக்ஸ் இல்லை என்று சொல்லும் 1822, தாய் அட்டவணையைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும் 1824 ஆகியவை வரையறையைப் பற்றியவை. இந்த எண்கள் வந்துகொண்டிருக்கும்வரை பதிவுகளை ஆராய்வதில் பயனில்லை, ஏனெனில் சர்வர் இன்னும் பதிவுகளைத் தொடவே இல்லை. 1452, 1451 ஆகிய இரண்டும் தரவைப் பற்றியவை: முன்னது தாய் இல்லாத சேய்ப் பதிவைச் சேர்க்கும்போதும், பின்னது சேய்ப் பதிவுகள் உள்ள தாயை நீக்கும்போதும் வருவது.

வரையறையில் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி எதிர்பார்ப்பது இதுதான். இன்டீஜர் என்றால் அளவும், அன்சைன்டு என்னும் குறிப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து நெடுவரிசை என்றால் கேரக்டர் செட்டும் கொலேஷனும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பலர் வார்கேர்(12), வார்கேர்(20) என்ற வேறுபாட்டைச் சரிசெய்வதில் நேரம் செலவிட்டுவிட்டு, உண்மையான காரணமான கொலேஷனைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மென்பொருள் பயிற்றுநர்

மேலே கூறப்பட்டது சரி. இதே பிழையை மாணவர்களிடம் நான் அதிகம் கண்டது பிஹெச்பி கட்டமைப்பான லாராவெல் 5.8 வந்த 2019-க்குப் பிறகுதான். அந்தப் பதிப்பிலிருந்து புதிய மைக்ரேஷன்களில் (அட்டவணைகளை உருவாக்கும் நிரல் கோப்புகள்) ஐடி நெடுவரிசை பிக்இன்ட் அன்சைன்டு ஆக அமைந்தது. சேய் அட்டவணையை மட்டும் பழைய வழக்கப்படி இன்ட் அன்சைன்டு என்று எழுதியவர்கள் அனைவருக்கும் இந்தச் சிக்கல் நேர்ந்தது. 5.7 வரை இத்தகைய காரணங்கள் அனைத்திற்கும் பெரும்பாலும் 1215 என்ற ஒரே பொதுவான செய்திதான் வரும். ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் கொடுத்து, அதில் கடைசி ஃபாரின் கீ பிழை என்ற பகுதியைப் படித்தால்தான் காரணம் தெரியும். அப்பகுதி ஆகக் கடைசியாக நேர்ந்த பிழையை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், பிழை வந்த உடனேயே பார்த்துவிட வேண்டும்.

சரிபார்ப்பை நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஃபாரின்_கீ_செக்ஸ் மதிப்பைப் பூச்சியமாக்கினாலும் தரவு வகை பொருந்தாத நெடுவரிசைகளுக்கிடையே ஃபாரின் கீ உருவாக்க மைஎஸ்கியூஎல் அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, மதிப்பை மீண்டும் ஒன்றாக்கும்போது ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்ட பதிவுகளைச் சர்வர் திரும்பச் சரிபார்ப்பதில்லை என்பது. கட்டுப்பாடு இருப்பதாக அட்டவணை காட்டும், ஆனால் தாய் இல்லாத பதிவுகள் உள்ளேயே இருக்கும். இருப்பதாக நம்பப்படும் ஒரு பாதுகாப்பு உண்மையில் இல்லாமல் இருப்பது, கட்டுப்பாடே இல்லாததைவிடத் தீங்கானது என்பது என் உறுதியான கருத்து. ஃபாரின்_கீ_செக்ஸ் என்னும் அந்த அமைப்பு எதற்காக இருக்கிறதென்றால், டம்ப் கோப்பை ஏற்றும்போது அட்டவணைகளின் வரிசை முன்பின்னாக வருவதால் வரும் தடையை நீக்குவதற்காகத்தான். மைஎஸ்கியூஎல்டம்ப் அதைத் தன் கோப்பில் தானே எழுதிக்கொள்கிறது.

நூலகப் பொறுப்பாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே உறுப்பினர் அட்டவணையில் யுடிஎஃப்8எம்பி4_யுனிகோடு_சிஐ என்றும், இரவல் அட்டவணையில் 0900_ஏஐ_சிஐ என்றும் இருந்தது. உறுப்பினர் அட்டவணையைப் புதிய கொலேஷனுக்கு மாற்றினேன். 3780 வரவில்லை, ஜாயினும் ஓடுகிறது. ஆனால் இப்போது ஃபாரின் கீ சேர்க்கும்போது 1452 வருகிறது. தாய் இல்லாத பதிவுகளைக் காண இந்த வினவலை எழுதினேன்:

செலக்ட் இ.உறுப்பினர்_எண், கவுண்ட்(*) ஃப்ரம் இரவல் இ லெஃப்ட் ஜாயின் உறுப்பினர் உ ஆன் இ.உறுப்பினர்_எண் = உ.உறுப்பினர்_எண் வேர் உ.உறுப்பினர்_எண் இஸ் நல் குரூப் பை இ.உறுப்பினர்_எண்;

முந்நூறுக்கும் மேற்பட்ட எண்கள் வருகின்றன. இதே வினவலைப் பழைய சர்வரில் ஓட்டினால் பத்துக்கும் குறைவாகவே வருகின்றன. புதிய சர்வரில் தாய் இல்லை என்று வரும் 00147 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், அது உறுப்பினர் அட்டவணையில் கண்ணெதிரே இருக்கிறது. தரவு ஏற்றும்போது கெட்டுவிட்டதா?

தரவுத்தளப் பணியாளர்

கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். திரையில் தெரிவதை வைத்து முடிவு செய்யாமல், இரு அட்டவணைகளிலும் அந்த எண்ணை, எழுத்துகளைப் பதினறும எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் செயற்கூறு வழியாகப் பாருங்கள். 00147 என்பது 3030313437 என்று வர வேண்டும். அதற்குப் பின்னால் 20 என்று இருந்தால், எண்ணின் இறுதியில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

பழைய சர்வரில் இது ஏன் தெரியவில்லை என்பதுதான் இங்கே உண்மையான செய்தி. யுனிகோடு_சிஐ, ஜெனரல்_சிஐ முதலிய பழைய கொலேஷன்கள் ஒப்பிடும்போது இறுதியில் உள்ள இடைவெளிகளைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் கணக்கில் இடைவெளி உள்ள 00147-உம் இடைவெளி இல்லாத 00147-உம் சமம். 0900 என்று தொடங்கும் புதிய கொலேஷன்களில் அந்த இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்படும், ஆகவே இரண்டும் வேறு வேறு மதிப்புகள். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் உள்ள கொலேஷன்ஸ் அட்டவணையில் பேட்_அட்ரிபியூட் என்ற நெடுவரிசை ஒவ்வொரு கொலேஷனும் இவற்றில் எவ்வகை என்று காட்டும். உங்கள் தரவு மாறவில்லை, ஒப்பிடும் விதிதான் மாறியிருக்கிறது.

இதையொட்டி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்ற அட்டவணைகளை மாற்றும்போது உதவும். 5.7 பதிப்பில் யுடிஎஃப்8எம்பி4-க்கு ஜெனரல்_சிஐ இயல்பான கொலேஷன் என்பதால், டம்ப் கோப்பு அதன் பெயரை எழுதுவதில்லை. அந்தக் கோப்பை 8.0-இல் ஏற்றினால் அட்டவணை தானாகவே 0900_ஏஐ_சிஐ ஆகிவிடும். உங்கள் உறுப்பினர் அட்டவணை யுனிகோடு_சிஐ ஆக இருந்ததால் பெயர் எழுதப்பட்டு, அப்படியே வந்தது. ஒரே டம்ப்பில் வந்த அட்டவணைகளிலும் கொலேஷன் கலந்து கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இணையத்தள உருவாக்குநர்

இடையில் ஓர் ஐயம். அப்படியானால் இரவல் அட்டவணையைப் பழைய யுனிகோடு_சிஐ கொலேஷனுக்கு மாற்றிவிட்டால், எதையும் திருத்தாமலேயே ஃபாரின் கீ ஏற்கப்படும் அல்லவா? அது எளிதான வழியாகத் தோன்றுகிறது.

மென்பொருள் பயிற்றுநர்

இடைவெளியால் பிரிந்த பதிவுகளைப் பொறுத்தவரை ஏற்கப்படும் என்பது உண்மைதான், நண்பரே. ஆயினும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தரவுத்தளம் சமம் என்று கருதும் இரு மதிப்புகளை பிஹெச்பியோ பைத்தானோ சமம் என்று கருதாது. உறுப்பினர் எண்ணை விசையாக வைத்து நிரலுக்குள் பட்டியல் தயாரிக்கும் இடங்களில் ஒரே உறுப்பினர் இருவராகத் தெரிவார். எண் என்பது அடையாளம், அதன் இறுதியில் இடைவெளி இருக்க எந்த நியாயமும் இல்லை. இடம்பெயர்க்கும் இந்த வேளைதான் அதை நீக்க உகந்தது.

நூலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு: முதலில் முழுத் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கேர்_லெங்த் தரும் எழுத்து எண்ணிக்கையை, ட்ரிம் (முனைகளில் உள்ள இடைவெளியை நீக்கும் செயற்கூறு) செய்த பின் வரும் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டு, இரண்டும் மாறுபடும் பதிவுகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அதன் பிறகு இரு அட்டவணைகளிலும் ட்ரிம் கொண்டு அப்டேட் செய்யுங்கள். உறுப்பினர் அட்டவணையில் மட்டும் ஒரு கவனம் தேவை. பழைய சர்வரில் இருந்த காலத்தில், இடைவெளி உள்ள எண்ணும் இல்லாத எண்ணும் சேர்ந்து இருக்க பிரைமரி கீ அனுமதித்திருக்காது. கொலேஷனை மாற்றிய பின்னர் யாரேனும் புதிய உறுப்பினரைச் சேர்த்திருந்தால் இரண்டும் உள்ளே இருக்கக்கூடும். அப்போது அப்டேட் 1062 என்ற இரட்டைப் பதிவுப் பிழையுடன் நின்றுவிடும். அது நின்றால் நல்லதே, அந்த இரு பதிவுகளையும் பார்த்து ஒன்றாக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம்.

நூலகப் பொறுப்பாளர்

ஹெக்ஸ் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. பெரும்பாலானவற்றின் இறுதியில் 20 இருந்தது. ட்ரிம் செய்த பின் அவை அனைத்தும் பொருந்திவிட்டன, 1062 எதுவும் வரவில்லை. ஆனால் கிளை வாசகசாலையிலிருந்து வந்த பதிவுகளில் இறுதியில் 0டி என்று இருக்கிறது, அது ட்ரிம் செய்தும் போகவில்லை. மேலும் சில பதிவுகளில் உறுப்பினர்_எண் வெறுமையாக இருக்கிறது: அவை உறுப்பினர் அல்லாதவர்கள் அங்கேயே அமர்ந்து படிக்க எடுத்த நூல்கள். மீதமுள்ள ஏழு எண்கள் உண்மையிலேயே உறுப்பினர் அட்டவணையில் இல்லை.

தரவுத்தளப் பணியாளர்

0டி என்பது கேரேஜ் ரிட்டர்ன். விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் ஆகிய இரண்டுடன் முடியும். லோட் டேட்டா கட்டளை இயல்பாக லைன் ஃபீடை மட்டுமே வரி முடிவாகக் கொள்வதால், முதல் எழுத்து கடைசி நெடுவரிசையுடன் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கோப்பில் உறுப்பினர்_எண் கடைசி நெடுவரிசையாக இருந்திருக்க வேண்டும். ட்ரிம் இடைவெளியை மட்டுமே நீக்கும் என்பதால், நீக்க வேண்டிய எழுத்தை கேர்(13) என்று அதனிடம் குறிப்பிட வேண்டும். கிளையிலிருந்து இனியும் கோப்பு வரும் என்றால், லோட் டேட்டாவில் வரி முடிவு இரண்டு எழுத்துகளும் சேர்ந்தது என்று லைன்ஸ் டெர்மினேட்டட் பை வழியாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

வெறுமையாக உள்ளவற்றை நல் (மதிப்பே இல்லை என்னும் குறி) ஆக மாற்றுங்கள். வெற்றுச் சரம் என்பது ஒரு மதிப்பு, ஆகவே அதற்கும் தாயைத் தேடும். நல் என்றால் ஃபாரின் கீ சரிபார்ப்பே நடக்காது. அதற்கு நெடுவரிசை நல்லை ஏற்கும்படி வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வினவலிலும் இ.உறுப்பினர்_எண் இஸ் நாட் நல் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இவையும் தாய் இல்லாதவையாகத் தொடர்ந்து பட்டியலில் வரும்.

அந்த ஏழு எண்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் வாசகசாலை நிர்வாகிகளே. உறுப்பினரை நீக்கியவர்கள் இரவல் பதிவுகளை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் விருப்பத்தைக் கேட்டால், அந்தப் பதிவுகளை அழிக்க மாட்டேன். பழைய பதிவேட்டிலிருந்து அவர்களின் பெயர்களை எடுத்து, "விலகியவர்" என்ற நிலையுடன் உறுப்பினர் அட்டவணையில் மீண்டும் சேர்ப்பேன். எந்த நூல் யாரிடம் போய்த் திரும்பவில்லை என்பது அந்தப் பதிவுகளில்தான் இருக்கும். அதே காரணத்துக்காக ஆன் டெலீட் கேஸ்கேட் வேண்டாம், சேய்ப் பதிவு உள்ளவரை தாயை நீக்கவிடாத ரெஸ்ட்ரிக்ட் வையுங்கள். கேஸ்கேட் வைத்தால் ஓர் உறுப்பினரை நீக்கியதும் அவருடைய இரவல் வரலாறு முழுவதும் எச்சரிக்கை இல்லாமல் போய்விடும்.

இணையத்தள உருவாக்குநர்

ரெஸ்ட்ரிக்ட் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உறுப்பினர் விவரத்தைத் திருத்தும் நிரலில் ரீப்ளேஸ் இன்டு பயன்படுத்தியிருந்தால், அது பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது என்பதால், முகவரி மாற்றத்துக்குக்கூட 1451 வரும். எங்கள் திட்டம் ஒன்றில் இதைத்தான் கண்டோம். இன்சர்ட் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் என்று மாற்றிய பின் சரியாயிற்று.

நூலகப் பொறுப்பாளர்

ஃபாரின் கீ ஏற்கப்பட்டுவிட்டது. கேரேஜ் ரிட்டர்ன்கள் நீங்கின, விருந்தினர் பதிவுகள் நல் ஆயின, அந்த ஏழு பேரின் பெயர்களும் பழைய பதிவேட்டில் கிடைத்ததால் விலகியவர்களாகச் சேர்த்துவிட்டேன். நிர்வாகத் திரையில் ரீப்ளேஸ் இன்டு இரண்டு இடங்களில் இருந்தது, அவற்றையும் மாற்றியாயிற்று. அடுத்ததாக "நூல்" அட்டவணைக்கும் இதே இணைப்பைக் கொடுக்கப் போகிறேன், அங்கே ஹெக்ஸ் பார்த்த பிறகுதான் ஆல்டர் டேபிள் ஓட்டுவேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் வாசகசாலையின் சார்பில் நன்றி.