கண்மாய் தூர்வாரியாச்சுன்னு பேப்பர்ல செய்தி. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டா "தனிநபர் தகவல்"னு பதில். அடுத்து என்ன செய்யலாம்?

மடைக்கரையான்:

திருப்பூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்கேன். சொந்த ஊர் தெற்கே, வானம் பார்த்த பூமி. பொங்கலுக்குப் போனப்ப டீக்கடையில வடையை மடிச்சுக் குடுத்த பேப்பர்ல எங்க ஊர் பேரு தெரிஞ்சுது. எண்ணெயைத் துடைச்சுட்டுப் படிச்சேன். எங்க கண்மாயை 9 லட்சம் ரூபாய்ல தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மடையைச் சீரமைச்சாச்சாம். விவசாயிகள் மகிழ்ச்சியில இருக்காங்களாம். படத்துல நாலு அதிகாரிகள் கரையில நிக்கிறாங்க, அவங்களுக்குப் பின்னாடி சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிக்குது.

அந்த விவசாயிகள்ல எங்கப்பாவும் ஒருத்தர். கேட்டா, "ரெண்டு நாள் ஜேசிபி வந்துச்சு, கலுங்குப் பக்கம் கொஞ்சம் சுரண்டி கரையில போட்டுச்சு, போயிருச்சு"ன்னார். மடைக்குப் பலகை கிடையாது. இன்னிக்கும் சாக்கு மூட்டை வச்சுத்தான் அடைக்கிறாங்க.

வீட்டு அட்ரஸ் போட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஆர்.டி.ஐ. அனுப்பினேன். கேட்டது அஞ்சு: மொத்தச் செலவு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், ஜேசிபி வாடகை யாருக்குப் போச்சு, நூறு நாள் ஆட்கள் வேலை செஞ்சாங்களா, செஞ்சா அவங்க பேர் என்ன, மடையை ஏன் சரி பண்ணல. 28-வது நாள் பதில் வந்துச்சு. ரெண்டே வரி. "தங்கள் மனுவில் கோரப்பட்ட தகவல்கள் தனிநபர் தொடர்பானவை என்பதால் பிரிவு 8(1)(ஜே)-ன் கீழ் வழங்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

இதுல இன்னொண்ணு. பதில் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே எங்கப்பாவை ஒருத்தர் வழியில நிறுத்தி, "பையன் திருப்பூர்லதானே இருக்கான், வேலையெல்லாம் நல்லாப் போகுதா"ன்னு விசாரிச்சிருக்கார். அந்த ஆள் ஆபீஸ்காரர் கிடையாது. அன்னியிலேர்ந்து அப்பா விட்டுருடாங்கிறார். விடலாமா?

சும்மா_போறவன்:

விடுங்க ப்ரோ. 9 லட்சம்லாம் ஒரு காசா? மேல போனா கோடியில போகுது, அதையே யாரும் கேக்கல. ஒரு மழை பெஞ்சா தூர்வாரினதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் அது தெரியும்.

ஜெராக்ஸ் அக்கா:

மேல சொன்ன தம்பி பேச்சைக் கேக்காத. மழை பெஞ்சா தெரியாதுங்கிறது மட்டும் நிஜம், அதனாலதான் சீக்கிரம் செய்யணும்.

தாலுகா ஆபீஸ் எதிர்ல 14 வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மனுவும் டைப் பண்ணிக் குடுப்பேன். எனக்குக் கட்சி கிடையாது. ஆட்சி மாறினா ஒரு வாரம் நல்ல வியாபாரம், ஆபீஸ்ல மாட்டுற படமெல்லாம் லேமினேஷனுக்கு வரும். பழைய படத்தையே பின்னட்டையா வச்சு மேல புதுசை ஒட்டித் தாங்கன்னு கேக்கிறவங்களும் உண்டு. அப்படி ஒட்டின ஒரு படத்தைத் திரும்பப் பிரிச்சப்ப உள்ள மூணு பேர் இருந்தாங்க.

உன் கேள்விக்கு வர்றேன். நீ கேட்ட அஞ்சுல மொத்தச் செலவு எப்படி தனிநபர் தகவல் ஆகும்? ரூபாய்க்கு ஏது அந்தரங்கம்? அஞ்சையும் ஒரே துணியில கட்டி ஓரமா வச்சிருக்காங்க. முன்னாடி இந்த 8(1)(ஜே) கொஞ்சம் நீளமான பிரிவு. பொது வேலையோட சம்பந்தமில்லாத சொந்த விவரம், வெளிய சொன்னா ஒருத்தரோட அந்தரங்கத்துல தேவையில்லாம மூக்கை நுழைக்கிற விவரம், இதைத்தான் மறுக்கலாம். அதுலயும் பொதுநலன் பெருசுன்னு அதிகாரிக்குத் தோணினா குடுக்கணும். சட்டசபைக்கு மறுக்க முடியாத தகவலை உனக்கும் மறுக்கக் கூடாதுன்னு கடைசியில ஒரு வரி வேற.

2023-ல டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு டெல்லியில ஒண்ணு போட்டாங்க. அதோட 44(3)-வது பிரிவு, இந்த நீளத்தையெல்லாம் வெட்டிட்டு "தனிநபர் தகவல்"னாலே மறுக்கலாம்னு ஆக்கிருச்சு. 2025 நவம்பர் 14 அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததா அறிவிச்சாங்க. அன்னிக்கு பீகார் தேர்தல் முடிவு. கடை டிவியில காலையிலேர்ந்து யார் எத்தனை தொகுதியில முன்னிலைன்னுதான் ஓடிச்சு, நானும் வாயைப் பொளந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பெரியவர் மறுப்புக் கடிதத்தை நகல் எடுக்க வந்தப்பதான் எனக்கே விஷயம் தெரியும்.

ஆனா 8(2)-ல கை வைக்கல. பாதிப்பை விட பொதுநலன் பெருசா இருந்தா எந்த விலக்கையும் தாண்டிக் குடுக்கலாம்னு அது சொல்லுது. குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க மனசுங்கிறதுதான் சங்கடம்.

அதனால ரெண்டு வேலை பண்ணு. பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போடு. கூடவே புது மனு ஒண்ணும் போடு, அதுல ஆள் பேரே கேக்காத, "ஏன்"னும் கேக்காத. ஏன்னு கேட்டா அவங்க பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க இல்ல, கையில இருக்கிற காகிதத்தைத்தான் தரணும். காகிதத்தைக் கேளு: எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, அப்புறம் எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். மண் வேலைன்னா வெட்டறதுக்கு முன்னாடி என்ன மட்டம், வெட்டின பிறகு என்ன மட்டம், எத்தனை கன மீட்டர்னு அதுல எழுதி ஓவர்சியர் கையெழுத்துப் போட்டிருக்கணும். பில் பாஸ் ஆகணும்னா அது இல்லாம முடியாது. மண்ணுக்கு அந்தரங்கம் இல்ல தம்பி.

நகல் கேட்டா இழுப்பாங்க. நேர்ல பார்வையிடணும்னு கேளு. சட்டத்துல 2(ஜே) அதுக்குத்தான், வேலை நடந்த இடத்தையே ஆய்வு பண்ணலாம், பொருள்ல மாதிரி எடுக்கலாம். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் காசு கிடையாது. டென்டர் விட்ட வேலைன்னா ஒப்பந்ததாரர் பேர் ரகசியமே இல்ல, 1998-லயே நம்ம மாநிலத்துல டென்டர் வெளிப்படைச் சட்டம் இருக்கு. அதைத் தனியா எழுதிக் கேளு.

பழைய ஸ்டிரிங்கர்:

அக்கா சொன்னதுக்கு மேல சட்டம் எனக்குத் தெரியாது. அந்தச் செய்தி எப்படி வந்திருக்கும்னு மட்டும் சொல்றேன். 11 வருஷம் பகுதி நேர நிருபரா இருந்தவன்.

மாவட்டத்துல அரசுத் தரப்புச் செய்திக்குன்னு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். சாயந்தரம் அஞ்சு மணி வாக்குல செய்தி வெளியீடும் படமும் வந்து விழும். அதை எடுத்து, "என மாவட்ட ஆட்சித் தலைவர் தெரிவித்தார்" இருக்கிற இடத்தைக் கொஞ்சம் மாத்தி டெஸ்க்குக்கு அனுப்பிருவோம். எனக்குச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்குச் சில்லறை, பிடிச்ச விளம்பரத்துக்குக் கமிஷன். சுதந்திர தினம், தீபாவளி, பொங்கல்னு வாழ்த்து விளம்பரம் யார்கிட்ட வாங்குவோம்? ஒப்பந்ததாரர்கள்கிட்டதான். அவங்க வெட்டின கண்மாய்க்கு நான் டேப் எடுத்துக்கிட்டுப் போனா பொங்கல் எங்க வீட்டுல வெறும் கஞ்சி.

"விவசாயிகள் மகிழ்ச்சி"ங்கிற தலைப்பை நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கில்ல. ஒரு விவசாயிகிட்டயும் கேட்டதில்ல. "ஒதுக்கீடு"ன்னு வந்ததை "செலவில்"னு மாத்தி எழுதினதும் உண்டு, தலைப்புல இடம் பத்தாது. உங்க செய்தியில இருக்கிற 9 லட்சம் ஒதுக்கினதா, செலவானதா? முதல்ல அதைப் பாருங்க.

ஓய்வு 2016:

நான் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன். ஆர்.டி.ஐ. மனுக்களுக்குப் பதில் எழுதும் பொதுத் தகவல் அலுவலராகவும் சில ஆண்டுகள். இங்கே எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

ஒரே ஆள், அலுவலகத்தில் உள்ள ஒரு பெண் ஊழியரின் விடுப்பு விவரம், வீட்டு முகவரி, மருத்துவச் சான்று எல்லாம் கேட்டு ஒரே ஆண்டில் 19 மனு போட்டதை நான் கையாண்டிருக்கிறேன். அந்தப் பெண் என் முன்னால் வந்து அழுதார். விலக்கு என்று ஒன்று வேண்டும்.

ஆனால் 2025-ல்தான் மறுக்கத் தொடங்கினார்கள் என்பது தவறு. 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் பணி விவரமும் சொத்து விவரமும் தனிப்பட்டவை என்றது. அந்தத் தீர்ப்பின் பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தோம். பார்த்துப் பார்த்து எழுதுவோம். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்ட மனுவுக்கும் அதே வரிதான், சாலைக் கணக்கு கேட்டவருக்கும் அதே வரிதான். இரண்டாவதற்கு அது பொருந்தாது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். மேலே இருந்தவர் கோப்பில் பென்சிலால் ஒரு சுழி போட்டு அனுப்புவார். பேனாவால் போட மாட்டார்.

1997-லேயே இந்தியாவில் முதலில் தகவல் சட்டம் போட்டது நம் மாநிலம்தான். அதை எடுத்துப் படித்தால் விலக்குப் பட்டியல்தான் நீளமாகத் தெரியும். எந்த அரசும் விரும்பிக் கொடுத்ததில்லை.

ஜெராக்ஸ் அக்கா:

சார், மறைக்காம எழுதினதுக்கு நன்றி. அந்தப் பொண்ணுக்கு விலக்கு வேணும்னு நானும் சொல்றேன். பழைய பிரிவே அவளைக் காப்பாத்தியிருக்கும். வெட்டி எடுத்தது சாலைக் கணக்கு கேட்டவனுக்கு இருந்த வாசலை.

இந்தச் சட்டமே கூலிக் கணக்குலதான் பிறந்துச்சு. ராஜஸ்தான்ல சமூக ஆர்வலர் அருணா ராயும் மத்தவங்களும் 1994-ல ஊர் ஊரா ஜனங்களைக் கூட்டி, மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவங்க பேரும் கூலியும் எழுதுற பதிவேட்டை, சத்தமா வாசிச்சாங்க. செத்தவங்க பேர்லயும் ஊர்லயே இல்லாதவங்க பேர்லயும் கூலி போயிருந்தது அப்பத்தான் வெளிய வந்துச்சு. "நம்ம காசு, நம்ம கணக்கு"ன்னுதான் கோஷம். இன்னிக்கு அதே மஸ்டர் ரோலைக் கேட்டா, அதுல பேர் இருக்கு, தர முடியாதுன்னு எழுதலாம். செத்தவனோட அந்தரங்கத்தையும் சேர்த்துக் காப்பாத்துறாங்க.

மடைக்கரையான் தம்பி, நீ சாதாரணமா எழுதிட்டுப் போன ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. உன் பேரும் அட்ரஸும் மூணு வாரம் முன்னாடியே வெளிய போயிருக்கு. அது தனிநபர் தகவல் இல்லையா? ஒப்பந்ததாரர் பேரை உனக்குச் சொல்லக் கூடாது, உன் பேரை அவருக்குச் சொல்லலாம். எந்த 8(1)-ல இது வருதுன்னு மேல்முறையீட்டுல ஒரு வரி எழுது.

இனிமே வீட்டு அட்ரஸ் போடாத. 6(2)-படி பதில் அனுப்பத் தேவையானது தவிர உன்கிட்ட எந்தச் சொந்த விவரமும் கேக்கக் கூடாது, எதுக்குக் கேக்கிறன்னும் கேக்கக் கூடாது. போஸ்ட் பாக்ஸ் நம்பர் குடுத்தாலே போதும்னு கல்கத்தா ஹைகோர்ட் 2013-ல சொல்லியிருக்கு.

முதல் மேல்முறையீட்டுல கிடைக்கலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்குப் போகலாம். ஆனா உடனே கூப்பிடுவாங்கன்னு நினைக்காத. நாடு முழுக்க ஆணையங்கள்ல 4 லட்சம் மனுவுக்கு மேல தேங்கியிருந்ததா 2024-ல கணக்கு வந்துச்சு. தாமதப்படுத்தின அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்கு. என் கடைக்கு வந்த யாரும் அந்த அபராத உத்தரவை நகல் எடுத்ததில்ல.

மடைக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டிரிங்கர் அண்ணா சொன்னதும் அப்பாகிட்ட போன்ல அந்தப் பேப்பரைத் தேடச் சொன்னேன். பத்திரமா மடிச்சு வச்சிருந்தார். எழுத்துக்கூட்டி வாசிச்சார், "மதிப்பீட்டில்"னு போட்டிருக்காம். செலவுன்னு எங்கயும் இல்ல. நான்தான் அப்படி எடுத்துக்கிட்டேன்.

மேல்முறையீடும் புது மனுவும் நேத்து ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பியாச்சு. எம்-புக் பார்வையிடணும்னு எழுதியிருக்கேன். கூப்பிட்டா லீவு போட்டுப் போகணும், ஒரு நாள் சம்பளம் போகும், பரவாயில்ல. சர்வே வேலை தெரிஞ்ச ஒரு அண்ணன் கூட வர்றேன்னார், அதுக்குள்ள மழை வராம இருந்தா சரி.

ராத்திரி மறுபடி அப்பா கூப்பிட்டார். "நம்ம வீட்டு அட்ரஸா போட்ட?"ன்னார். இல்லப்பா, திருப்பூர் ரூம் அட்ரஸ்தான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அம்மாகிட்ட சோறு போடச் சொன்னது கேட்டுச்சு.