குளக்கரைக் கேமரா வசூல்: ஊரிலிருந்து ஒரு பதில்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தெற்குத் தெரு தபால்காரர் வீட்டுப் பேத்தி எழுதுகிறேன். பட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாத்தா இருந்தவரை இந்த மடல்களை அச்செடுத்து வந்து அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். அதனால் உங்களில் பலரை முகம் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர்ப் பெரியப்பா ஆடியில் வந்து போனபின் எழுதியதைப் படித்தேன். ஆலமரத்தடியில் பையன்கள் நள்ளிரவுவரை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் நொந்ததாக எழுதியிருந்தீர்கள். மறுவாரமே குளக்கரையில் பன்னிரண்டு கேமரா, நாலு லட்சம் ரூபாய், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஊரைப் பார்க்கலாம் என்று செயலாளர் அண்ணன் வசூல் மடல் அனுப்பிவிட்டார். கியூஆர் படமும் கூடவே வந்துவிட்டது. பாதிக்குமேல் சேர்ந்துவிட்டதாகவும் கேள்விப்படுகிறேன்.

பெரியப்பா பார்த்தது பொய்யில்லை. அந்தப் பையன்களில் சிலர் என்னோடு படித்தவர்கள். ஆனால் கரையில் கேமரா வைத்தால் பையன் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும், கைப்பேசிக்குள் அவன் எதை இழக்கிறான் என்பது தெரியாது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டு அரசு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் அந்தத் தடையில் சேராது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடுவதை மொத்தமாகத் தடுக்கச் சட்டம் போட்டது. அதற்குள் கீழத்தெருவில் ஒரு வீட்டில் தென்னங்கன்று வாங்க வைத்திருந்த பணம் கரைந்துவிட்டது. பாலிடெக்னிக் படிக்கும் இன்னொரு பையன், மாதாமாதம் கமிஷன் வரும் என்று யாரோ சொன்னதை நம்பித் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடுத்துவிட்டான். அந்தக் கணக்கு வழியாக எவரெவரையோ ஏமாற்றிய பணம் போயிருக்கிறது. கணக்கு முடங்கியது. தமிழ்ப் புதல்வன் திட்டத்து ஆயிரம் ரூபாயும் அதில்தான் அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அவன் அம்மா காகிதங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு கேமராவில் எது அதைப் பார்த்திருக்கும்?

வரைபடத்தில் நாலாவது கேமரா பெண்கள் படித்துறைக்கு நேரே இருக்கிறது. இதை யாரும் கவனிக்கவில்லையா, கவனித்தும் எழுதவில்லையா என்று தெரியவில்லை. வீட்டில் குளியலறை இல்லாத பெண்கள் இன்னும் அந்தத் துறையில்தான் குளிக்கிறார்கள். அந்தப் படம் நாற்பது ஆண்களின் கைப்பேசியில், எந்த ஊரில், எந்த நேரத்தில் ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம். இது கேமராவில் தொடங்கியதும் அல்ல.

முன்பு திருவிழா என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. பண்ணை வைத்திருந்த வீட்டுக்கும் கூலிக்குப் போகும் வீட்டுக்கும் ஒரே தொகை. கட்ட முடியாதவர்கள் நெல்லாகக் கொடுத்தார்கள், சிலர் அறுப்பு முடிந்து கொடுத்தார்கள். விழா முடிந்த மறுநாள் கோயில் வாசலில் கணக்கு வாசிப்பார்கள். பூமாலைக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு. சின்னப் பிள்ளையாக அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாழைத்தார் விலை கூடுதலாக எழுதியிருக்கிறது என்று கூலிக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வரி கட்டியவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

கும்பாபிஷேகத்துக்கு நீங்கள் எல்லோரும் அள்ளிக் கொடுத்தீர்கள். ஊர் அதை மறக்காது, நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு, வெளிநாட்டுப் பணமே போதும், ஏழை வீடுகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தலைக்கட்டு வரியை நிறுத்தினார்கள். நல்ல மனத்தோடு எடுத்த முடிவுதான். வரி நின்றதும் கூட்டம் நின்றது. கணக்கு இப்போது கைப்பேசியில் கோப்பாக உங்களுக்கு வருகிறது, ஊரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கேட்டால், நீ என்ன கொடுத்தாய் என்று திருப்பிக் கேட்கிறார்கள். என் அப்பாவிடமே கேட்டார்கள்.

வாய்க்காலும் இப்படித்தான் ஆனது. கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும் நம் மடைக்கு வருவது கடைசியில்தான். அதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கிக் கிளை வாய்க்காலை வெட்டுவார்கள். குடிமராமத்து என்பது அதுதான். 1858இல் வெள்ளைக்கார அரசே அந்த வழக்கத்துக்கு ஒரு சட்டம் போட்டது. இப்போது சங்கப் பணத்தில் பொக்லைன் வருகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மடை யார் வயலுக்குப் பாய்கிறது என்று என் வயதுப் பையன்களுக்குத் தெரியவில்லை. போன சம்பாவில் ஒரு மடைக்காக இரண்டு குடும்பங்கள் கைகலப்புவரை போனதற்கு அதுவும் ஒரு காரணம். கஜா புயலுக்குப் பிறகு 2019இல் பேராவூரணிப் பெரியகுளத்தை அந்த வட்டாரத்து இளைஞர்கள் தூர்வாரினார்கள். அங்கேயும் இயந்திரம்தான் தோண்டியது. ஆனால் பையன்கள் கரையில் நின்றார்கள்.

விருந்து வைத்து மொய் வாங்கி, பின்னால் அவரவர் விருந்தில் திருப்பிச் செய்யும் நம் பக்கத்து மொய் விருந்தைப் பாருங்கள். ஆடி, ஆவணியில் கணினி வைத்து ரசீது அச்சடிக்கிறார்கள், பணம் எண்ணும் இயந்திரம் வைக்கிறார்கள், கத்தாரில் இருப்பவர் கைப்பேசியில் மொய் செய்கிறார். தொழில்நுட்பம் யாரையும் தள்ளி வைக்கவில்லை. ஏனென்றால் மொய்க்கு இரண்டு நோட்டு உண்டு. வாங்கியவர் வீட்டில் ஒன்று, கொடுத்தவர் வீட்டில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தாத்தா மணியார்டர் கொடுத்த காலத்திலும் கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் பெருவிரல் ரேகை வாங்கி, பக்கத்தில் ஒரு சாட்சியிடம் கையெழுத்து வாங்குவார். சங்கப் பணத்துக்கு உங்கள் பக்கம் மட்டும்தான் நோட்டு இருக்கிறது. ஊரில் சாட்சி இல்லை.

படிக்கிற பெண் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கியூஆர் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. 2023இல் சிங்கப்பூர், கத்தார், அமீரகம், பிரிட்டன் முதலிய நாட்டு எண்களிலிருந்தே யுபிஐ அனுப்ப வழி திறந்ததால் எல்லோரும் எளிதாக அனுப்புகிறீர்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆனால் சிங்கப்பூர், பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். நம் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லை. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது இங்கே இருப்பவர்கள்.

லண்டன் சித்தப்பா சோழ மண்ணின் பெருமை என்று எழுதியிருந்தார். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்கக் கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெருமையும் நம்முடையதுதான்.

நான் கேட்பது இதுதான். இந்த வசூலை நிறுத்துங்கள். பொங்கலுக்கு வருகிறவர்கள் வந்தபின் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போடுங்கள், பெண்களையும் கூப்பிடுங்கள். வீட்டுக்கு நூறு ரூபாயாவது தலைக்கட்டு வரி மறுபடி வாங்குங்கள். கேமரா வேண்டும் என்று ஊர் சொன்னால் பஸ் நிறுத்தத்தில் ஒன்று வைக்கலாம். என்னைக் கேட்டால், நூலகத்தில் ஒரு கணினியும் அச்சு இயந்திரமும் வைத்து, பட்டா நகலுக்கும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் ஊர் ஆட்கள் அலையாமல் பார்த்துக்கொள்ளலாம். நானும் தோழிகளும் சனி, ஞாயிறு உட்காருகிறோம். இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே புகார் எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கவும் முடியும்.

வணக்கத்துடன்,
தெற்குத் தெரு தபால்காரர் பேத்தி

* * *

தோஹாவிலிருந்து:

மருமகளே, உன் மடலை இரண்டு தடவை படித்தேன். நீ எழுதிய சட்ட விவரத்தைச் செயலாளர் உடனே ஒரு ஆடிட்டரிடம் காட்டிப் பதில் போட வேண்டும். அதோடு என் பழைய கேள்வியும் அப்படியே நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்து மரமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, ஜெனரேட்டருக்கும் தார்ப்பாய்க்கும் தென்னங்கன்றுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பினோம். தார்ப்பாய் வந்ததை என் தம்பி பார்த்தான். கன்று யார் யாருக்குக் கொடுத்தது? ஜெனரேட்டர் இன்று யார் அரிசி ஆலையில் ஓடுகிறது? பெயர் எழுத என் கை கூசுகிறது, எல்லோருக்கும் தெரியும். அந்த ரசீதுகள் வரும்வரை என்னிடமிருந்து ஒரு ரூபாயும் வராது.

* * *

லண்டனிலிருந்து:

படிக்கிற பெண் தைரியமாக எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பையன் வங்கிக் கணக்கைக் கொடுத்துக் கெட்டதை இத்தனை குடும்பங்கள் படிக்கும் இடத்தில் எழுதலாமா? அந்தப் பையனுக்கு நாளை பெண் தேட வேண்டாமா? கணக்கு, கணக்கு என்று பேசுகிற எல்லோரையும் ஒன்று கேட்கிறேன். ஊர் நுழைவாயில் வளைவுக்கு முதல் பணம் கொடுத்தவன் நான். கல்வெட்டில் என் தகப்பனார் பெயரை விட்டது யார்? அவர் கால்வாயில் இறங்கி மடை அடைத்த ஆண்டு ஊரில் ஒரு வயல் காயவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

* * *

கிள்ளானிலிருந்து:

அந்தப் படித்துறையில்தான் என் அம்மா எனக்கு மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டுவார். கேமரா வைக்கக் கூடாது, இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் தபால்காரர் பேத்தியே, எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள். அம்மா போனபோது விமானம் இல்லாத கொரோனாக் காலம். எரிந்ததைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். உன் அப்பாதான் கை வலிக்கப் பிடித்துக் காட்டினார். ஊரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது வேவு பார்க்க அல்ல. அண்ணன் வீட்டில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். மாசி மகத்துக்குத் தேர் இழுப்பதை யாராவது காட்டினால் போதும். வரி எவ்வளவு என்று சொல். என் பெயருக்கும் ஒரு தலைக்கட்டு போடு. பெண் கட்டிப்போன வீடு என்று தள்ளாதே.

* * *

செயலாளர்:

நாலாம் எண் கேமரா நீக்கப்படுகிறது. மற்றவை ஊர்க்கூட்டம் வரை நிறுத்திவைக்கப்படுகின்றன. கியூஆரை எடுத்துவிட்டேன், இனி யாரும் அனுப்ப வேண்டாம். வந்த தொகையைத் திருப்பி அனுப்புவதா என்று ஆடிட்டரைக் கேட்டு எழுதுகிறேன். கூட்டம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாலை, கோயில் வாசலில். கிள்ளான் அத்தைக்குத் தலைக்கட்டு உண்டா என்பதையும் அங்கேயே பேசலாம்.

கஜா நோட்டு என்னிடம் இல்லை. அது மேலவீட்டில் இருக்கிறது. நான் போய்க் கேட்டால் கதவு திறக்காது என்பது தோஹா மாமாவுக்கே தெரியும். அவரே பேசட்டும்.