சப்நாட்டிகாவில் வந்த பயம் பிலோ ஜீரோவில் ஏன் வரவில்லை?

நோட்டுக்காரன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சப்நாட்டிகா என்ற கடலடி கேம், அதன் அடுத்த பாகமான பிலோ ஜீரோ, இரண்டின் கதையும் இங்கே அங்கங்கே கசியும். இன்னும் விளையாடாதவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள். முதல் பாகத்தை ஒன்றும் தெரியாமல் தொடங்குவது போன்ற சுகம் வேறு கிடையாது.

சப்நாட்டிகா 2018-இல் வந்தது. நான் கையில் எடுத்தபோது அது பழைய கேம் ஆகிவிட்டிருந்தது. கேமுக்குள் மேப் கிடையாது என்று தெரிந்ததும் ஒரு நோட்டை எடுத்து நானே வரைய ஆரம்பித்தேன். நடுவில் லைஃப்பாட் 5 (நாம் தப்பித்து வந்து விழும் உயிர்காப்புக் கலம்), வலது பக்கம் எரிந்துகொண்டிருக்கும் அரோரா விண்கப்பல். கப்பலின் வால் பக்கம் ‘போகாதே’ என்று எழுதி மூன்று கோடு போட்டிருக்கிறேன்.

அந்த மூன்று கோட்டுக்குக் காரணம் இது. சீமாத் செய்து முடித்த புதிது. சின்னக் குமிழி மாதிரி ஒரு நீர்மூழ்கி, அது கையில் இருந்தால் கடலே நம்முடையது என்று தோன்றும். கப்பலின் பின்னால் போய் ஏதாவது கிடைக்குமா பார்க்கலாம் என்று கிளம்பினேன். கலங்கல் தண்ணீர், கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஒரு உறுமல் கேட்டது. எங்கிருந்து என்று புரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். மறுபடி கேட்டது, இந்த முறை இடது காதில். சரி, வலது பக்கமாக ஓடிவிடலாம் என்று திருப்பினால் கண்ணாடி முழுக்க அதன் முகம். ரீப்பர் லெவியாத்தன் என்ற ராட்சதக் கடல் விலங்கு. சீமாத்தைக் கவ்விப் பிடித்து உலுக்கியது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். அது சாகட்டும், நான் பிழைத்தால் போதும் என்பதுபோல!

ரொம்ப நாள் கழித்துத் துணிந்து ஒன்றை ஸ்கேன் செய்தபோதுதான் பிடிஏ (கேமில் நம்மிடம் இருக்கும் கைக்கணினி) விஷயத்தைச் சொன்னது. அந்த உறுமல் அதற்குச் சோனார், அதாவது எதிரொலியை வைத்து இடம் கண்டுபிடிப்பது. நமக்குக் கேட்கிறது என்றால் அதற்கு நாம் தெரிகிறோம். நான் விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்துகொண்டதாக நினைத்த அந்தச் சில நொடிகளை நினைத்து ஒரு முறை வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு முறை முதுகும் சில்லிட்டது.

அப்புறம் பிலோ ஜீரோ. 2021-இல் முழுதாக வந்தது, அதே கிரகம், அதே 4546பி, பனிப் பகுதி. அழகில் குறையே சொல்ல முடியாது. கதையையும் முடித்துவிட்டேன். ஆனால் நோட்டில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. வரைய வேண்டும் என்றே தோன்றவில்லை. பயமும் வரவில்லை. பெரிய விலங்கு வந்தால் ‘ஓ, இதுதானா’ என்று ஒதுங்கிப் போகிறேன்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: முதல் பாகத்தில் யாரும் பேச மாட்டார்கள். நாயகன் ரைலி வாயே திறப்பதில்லை. ரேடியோவில் மற்ற லைஃப்பாட்களின் குரல் வரும், தேடிப் போனால் அங்கே ஆள் இருக்காது. பிலோ ஜீரோவில் நாயகி ராபின் தானாகப் பேசுகிறாள், பிறகு அவள் மண்டைக்குள்ளேயே ஆலன் என்ற வேற்றுக்கிரகவாசி வந்து குடியேறிவிடுகிறான். ஒரு குகைக்குள் நுழைந்து நான் பயப்படலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவள் கருத்துச் சொல்லி முடித்துவிடுகிறாள்.

பேச்சுதான் காரணமா, அல்லது கடல் எனக்குப் பழகிவிட்டதா? முதல் காதல் மாதிரி இரண்டாவது எதுவாக இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்குமா?

மீன்கொத்தி

பேச்சு பாதிதான் நண்பரே. மீதிப் பாதி ஆழம்.

முதல் பாகத்தில் கேம் உங்களைப் படிப்படியாகக் கீழே தள்ளுகிறது. சீமாத் சும்மா 200 மீட்டர் வரைதான் தாங்கும். அதை மேம்படுத்தி 300, 500, 900 என்று இறங்குவீர்கள். கதை முடிய வேண்டுமென்றால் 1,300-க்கும் கீழே, எரிமலைக் குழம்புக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். பிலோ ஜீரோவில் சீட்ரக் என்ற நீர்மூழ்கி வண்டியை முழுதாக மேம்படுத்தினாலும் 1,000 மீட்டர்தான், அதற்கு மேல் தேவையும் இல்லை. பாதி நேரம் தரையில் நடக்கிறோம். நடக்கும்போது மேலும் கீழும் இல்லை, அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது.

தரை என்றதும் இன்னொன்று. வெளியே பனிப்புயலில் உடல் வெப்பம் குறைந்து சாகப்போகிறீர்கள். என்ன செய்வீர்கள்? பனிக்கட்டி மிதக்கிற கடலுக்குள் குதிப்பீர்கள், குளிர் போய்விடும்! கேம் ஓட்டத்துக்கு வேறு வழியில்லை என்று புரிகிறது. ஆனால் முதல் தடவை அப்படிக் குதித்துப் பிழைத்தபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எங்கே பயப்படுவது?

முதல் பாகத்துப் பெரிய நீர்மூழ்கியான சைக்ளாப்ஸ் இதில் இல்லாததும் எனக்குப் பெரிய குறை. ரீப்பர் சுற்றுகிற இடத்தில் விளக்குகளை அணைத்து, எஞ்சினை நிறுத்தி, அந்தப் பெரிய கப்பலுக்குள் எழுந்து நடந்து, பின்னால் நான் நட்டு வைத்திருந்த செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சத்தம் விலகுகிறதா என்று காதைத் தீட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் ஒளிவது மாதிரி இருக்கும். சீட்ரக் நல்ல வண்டிதான், பெட்டிகளைக் கோத்துக்கொள்ளலாம், கழற்றிவிடலாம். ஆனால் அது வண்டி, வீடு இல்லை.

கயல்

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் நான் தலைகீழாக விளையாடியவள். பிலோ ஜீரோதான் முதலில். எனக்குக் கடல் பழக்கமானது அங்கேதான். ஆக்சிஜன், பேஸ் கட்டுவது, ஸ்கேன் செய்வது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் முதல் பாகத்துக்குப் போனேன். நீங்கள் சொல்கிற பழக்கம்தான் காரணம் என்றால் எனக்கு முதல் பாகம் சப்பென்று இருந்திருக்க வேண்டும், இல்லையா?

இருக்கவில்லை. முதல் இரண்டு மணி நேரம் யாராவது பேசுவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ராபின் மாதிரி ஒருத்தி, ஆலன் மாதிரி ஒருவன். ரேடியோவைச் சரிசெய்ததும் அப்பாடா என்று இருந்தது. அதில் வந்த முதல் சிக்னலைத் தேடிப் போனேன், உடைந்த பாட் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்தபோது உடனே கிளம்பவில்லை. பேஸில் லாக்கர்களை ஒதுங்கவைத்துக்கொண்டு நேரம் கடத்தினேன், போனால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டதால். அந்தத் தயக்கம் கேம் என்னைச் செய்யவைத்தது இல்லை, நானாகச் செய்தது.

ஆனால் பிலோ ஜீரோவைத் தட்டிக்கழிப்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மூச்சு முட்டி மேலே வந்து தலை பனிக்கூரையில் இடித்த அனுபவம் உங்களுக்கு இல்லையா? ஓட்டை எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டு, வெளிச்சமாகத் தெரிகிற இடமெல்லாம் நீந்தி நீந்திப் பார்த்தேன். முதல் பாகத்தில் குகைகளை விட்டால் மேலே போனால் காற்று உண்டு என்ற உறுதி இருந்தது. இங்கே அதையும் பிடுங்கிவிட்டார்கள். அதுவும் பயம்தான்.

அப்புறம் ராபின் வந்திருப்பது அக்கா சாமுக்கு என்ன ஆனது என்று தேட. பேசாத ராபினாக இருந்தால் அந்தத் தேடல் எனக்கு ஒட்டியிருக்காது. ரைலி யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரவாடி

சின்ன வரலாறு ஒன்று. பிலோ ஜீரோ முன்னோட்ட வடிவில் 2019-இலேயே கிடைத்தது. அப்போது கதை வேறு, அக்கா உயிரோடு இருந்து தொடர்பில் பேசிக்கொண்டிருப்பாள். நடுவில் அதைத் தூக்கிவிட்டு மாற்றி எழுதினார்கள். அப்போதும் பேச்சு, இப்போதும் பேச்சு, ஆள்தான் வேறு.

இரண்டு பாகத்திலும் மாறாத ஒன்று உண்டு, அது துப்பாக்கி இல்லாதது. 2012 சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு எடுத்த முடிவு என்று முதல் பாகத்தின் இயக்குநர் சார்லி கிளீவ்லேண்டே சொல்லியிருக்கிறார். கையில் கத்தி மட்டும் இருக்கும்போது வருகிற பயத்தில் பெரும்பங்கு அந்த முடிவுக்குச் சேர வேண்டியது.

@நோட்டுக்காரன், யோசனை வேண்டுமானால் இரண்டு. ஒன்று, ஹார்ட்கோரில் தொடங்குங்கள். ஒரே உயிர், ஆக்சிஜன் தீரப்போகிறது என்ற குரலும் வராது, நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, ஆரம்பத்தில் வரும் அந்த அபாய சிக்னலைத் தேடிப் போகாதீர்கள். அங்கே போனால்தான் ஆலன் தலைக்குள் ஏறுவான். போகாதவரை கேம் அவசரப்படுத்தாது.

நோட்டுக்காரன்

கயல், லாக்கரை ஒதுங்கவைத்து நேரம் கடத்தியதைப் படித்துச் சிரித்தேன், ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். என்னுடைய பழக்கம்தான் காரணம் என்ற வாதத்தை இதோ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பனிக்கூரையில் தலை இடித்த கதை எனக்கு நடக்கவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் செடிகளை நம்பியே போயிருக்கிறேன், மேலே பார்த்ததே குறைவு.

மீன்கொத்தி, குளிருக்குக் கடலில் குதித்ததை நான் எழுதாமல் விட்டிருந்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன் :)

இரவாடி சொன்னபடி நேற்று ராத்திரி ஹார்ட்கோரில் புதிதாக ஆரம்பித்தேன். சிக்னல் வந்தது, காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். ராபின் அங்கங்கே ஏதோ சொல்லத்தான் செய்கிறாள், ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லாததால் அது தனக்குத்தானே முணுமுணுப்பது மாதிரி ஆகிவிட்டது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

ட்விஸ்டி பிரிட்ஜஸ் என்ற பகுதியில் தாமிரம் பொறுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்விட்டேன். யாரும் எச்சரிக்கவில்லை. ஆக்சிஜன் 11 என்று பார்த்தபோது பக்கத்தில் செடி ஒன்றும் இல்லை. எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது, வந்து சேர்ந்தபோது 2 இருந்தது. விளையாட்டை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து, செடிகள் எங்கெங்கே இருந்தன என்று ஞாபகத்தில் இருந்த வரைக்கும் குறித்துவைத்தேன். மூன்றுதான் ஞாபகம் வந்தது. நாலாவது அந்த வளைவுக்கு இடது பக்கமா வலது பக்கமா, யாருக்காவது தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.