நிழற்குடைக்குப் பின்னால இருக்கிற நிழல்: நம்ம கடற்கரை ஊர் அனுபவங்கள்

கீழக்கரை

துபாய், அபுதாபின்னு பதினாலு வருஷம் ஓட்டிட்டு ஊரோட வந்து மூணு வருஷமாச்சு. வந்த புதுசுல கிழக்குக் கடற்கரைச் சாலையில பஸ்ஸுக்கு நின்னேன். பயணியர் நிழற்குடைன்னு பேரு. மேல தகரம், கீழ எவர்சில்வர் பெஞ்சு, பின்னால சுவர். உள்ள ஒரு ஆள் இல்லை. ஏழெட்டுப் பேரும் சுவருக்குப் பின்னால, அந்தச் சுவரோட நிழல்ல தரையில குந்தியிருந்தாங்க. பெஞ்சுல உக்காந்து பாத்தேன். ஏன்னு யாரையும் கேக்க வேண்டியிருக்கலை.

சுவர் நிழலோட அருமையைப் பாலைவனத்துக்காரங்க எப்பவோ கண்டுக்கிட்டாங்க. துபாய்ல அல் ஃபாஹிதின்னு பழைய குடியிருப்பு இருக்கு, பஸ்தகியான்னும் சொல்வாங்க. லீவு நாள்ல சும்மா போய் நடப்பேன். சந்து ரொம்பக் குறுகல், வெயில் சாஞ்சா ஏதாவது ஒரு சுவர் நிழல் தரும். வீட்டு மேல பர்ஜீல்னு காத்துக் கோபுரம், நாலு பக்கமும் திறந்திருக்கும். உயரத்துல போற காத்தைப் பிடிச்சு அறைக்குள்ள இறக்கும். கரண்ட் இல்லாத காலத்து வேலை. அபுதாபி மஸ்தர் சிட்டியில அதையே 45 மீட்டர் உயரத்துக்குப் புதுசா கட்டியிருக்காங்க. எனக்கென்னவோ கோபுரத்தைவிட அங்க தெருவை நெருக்கமா வச்சதுதான் பிடிச்சது.

பஸ்தகியா சுவரைத் தொட்டப்ப வாப்பா வீட்டு ஞாபகம் வந்திருச்சு. அதே பவளக் கல்லு. நம்ம பக்கம் இனி அந்தக் கல்லை எடுக்க முடியாது, 2001லேர்ந்து சட்டம் தடுக்குது, எடுக்கவும் கூடாது. குறுகலான சந்துகளையும் திண்ணையையும் எந்தச் சட்டம் தடுக்குது? உங்க ஊர்ல எது வேலை செஞ்சுது, எது செய்யலைன்னு சொல்லுங்க.

பாம்பன்

கீழக்கரைக் காக்கா, உங்க நிழற்குடைக்கு எங்க மீன் ஏலக்கூடம் அண்ணன். கடல்லேர்ந்து கூப்பிடு தூரம். உப்புக்காத்துல கம்பி துரு பிடிச்சு, தூண் வெடிச்சு, கட்டின நாலாம் வருஷமே காரை பேத்துக்கிட்டு விழுந்துச்சு. அதைக்கூட விடுங்க. நெடுஞ்சுவரைத் தென்மேற்குப் பக்கம் வச்சுட்டாங்க. வெயில் காலத்துல எங்களுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் கச்சான் காத்து, அதுக்குக் கதவடைச்சாச்சு. வாடைப் பக்கம் ஓஹோன்னு திறந்து கிடக்குது, கார்த்திகை மழைச்சாரல் மொத்தமும் உள்ளதான். படிச்சவுக போட்ட பிளான். எங்க அப்பத்தாவைக் கேட்டிருந்தா கையை நீட்டியே காட்டியிருக்கும்.

சின்னப்பாலம்

அண்ணே, முழுசா திறந்துவிட்டா மணல் யாரு கண்ணுல விழும்? கச்சான் அடிக்கும்போது காயப்போட்ட கடல்பாசியில ஒரு கூடை மணல் சேந்துரும். இடுப்பு உயரச் சுவர், அதுக்கு மேல திறப்பு, அதுதான் எங்களுக்குச் சரி.

நாங்க பாசி எடுக்கிற பொம்பளைக. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு கடல்ல முங்கி எடுத்துட்டு மதியம் கரையேறுவோம். உடம்பெல்லாம் உப்பு, ஈரச்சேலை. கரையில அழகா சிமெண்டுக் குடை, அதுக்குக் கீழ வட்ட பெஞ்சு, வர்றவுக போட்டோ எடுத்துக்கிறாக. துணி மாத்த ஒரு மறைப்பு, மேலுக்கு ஊத்த ரெண்டு குடம் நல்ல தண்ணி, ஒரு கக்கூஸ். இந்த மூணும் இல்லாத இடத்துல எத்தனை நிழல் போட்டும் நாங்க எங்க உக்கார?

சாயல்குடி

அபுதாபிக்காரருக்கு ஒரு சேதி. நீங்க அங்க பாத்த காஃப் மரம், 2008ல அமீரகத்தோட தேசிய மரம்னு அறிவிச்சது, வேற எதுவுமில்ல, நம்ம சிவன் கோயில்ல நிக்கிற வன்னி. அவங்க பூங்காவுல நிழலுக்கு அதைத்தான் வைக்கிறாங்க. நம்ம ஊரை வளைச்சிருக்கிற காட்டுக்கருவை, அதான் சீமைக் கருவேலம், அந்த வன்னிக்குப் பங்காளி முறை. அங்க அண்ணன் நிழல் தர்றான், இங்க பங்காளி கண்மாயை ஆக்கிரமிச்சிருக்கான். (வையவும் மனசு வரலை. கரிமூட்டம் போட்டுத்தான் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுது.)

நம்ம மண்ணுக்குன்னே குடைவேல் இருக்கு, உடைமரம்னு சொல்லுவோம். மட்டமா குடை விரிச்ச மாதிரி நிக்கும், தண்ணி கேக்காது, காயை ஆடு தின்னும். அதை வெட்டிட்டு எங்க கடற்கரையில புல்தரை போட்டாங்க. புல்லுக்கு போர் போட்டு மோட்டார் வச்சாங்க. ஒரு கோடை தாண்டலை, தண்ணி உப்பாயிருச்சு, புல்லு செத்துச்சு. பக்கத்துல ரெண்டு வீட்டுக் கிணறும் சேந்து கரிச்சதுதான் கொடுமை.

ராமேஸ்வரம்

அது கரிக்கத்தான் செய்யும் தம்பி. மணலுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல ஒரு ஏடு மாதிரி மிதக்குது. தனுஷ்கோடியில இன்னமும் கையால மணலைத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையில மோந்து எடுப்பாக. ஆழமாத் தோண்ட மாட்டாக. மோட்டாருக்கு அந்தப் பக்குவம் ஏது?

1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோனதை எங்க வீட்டுப் பெரியவுக சொல்லிக் கேட்டு வளந்தவன் நான். அதனால எனக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடம் மேல ஒரு கண்ணு. எங்க பக்கத்துல ஒண்ணு இருக்கு, நல்ல உயரம், மாடியில அருமையான காத்து. வருஷம் பூரா பூட்டு. ஒரு தரம் புயல் எச்சரிக்கை வந்தப்ப சாவி வச்சிருக்கிற ஆளைத் தேடி ராத்திரி ரெண்டு தெரு அலைஞ்சோம். சித்திரை வெயிலுக்கும் அதைத் திறந்துவிட்டா சாவி யாருட்டன்னு சின்னப்புள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும்.

கீழக்கரை

எல்லாருக்கும் நன்றி. அமீரகத்துல ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் பன்னெண்டரையிலேர்ந்து மூணு மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. அந்த நேரம் நாங்க எங்க ஒதுங்குவோம்னு கட்டடத்தை ஆரம்பிக்கும்போதே யோசிச்சு வச்சிருப்பாங்க. சின்னப்பாலம் தங்கச்சி சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம நிழற்குடை விஷயத்தை முடிச்சிர்றேன். போன மாசம் கூட்டாளிங்க நாலு பேர் சேந்து தகரத்துக்கு மேல தென்னங்கிடுகு ரெண்டடுக்கு வேஞ்சோம், மேற்கால ஒரு பனையோலைத் தட்டி கட்டினோம், பெஞ்சு மேல பழைய வள்ளத்துப் பலகையைப் போட்டோம். கிடுகு வருஷத்துக்கொரு தடவை மாத்தணும், அது தெரிஞ்சதுதான். நேத்துப் போனப்ப பெஞ்சுல இடமில்லை. பின்னால சுவர் நிழல்ல ரெண்டு ஆடு படுத்துக் கிடந்துச்சு.