உறைபனி ராத்திரியில் லாரி எஞ்சினை அணைக்கலாமா, ஓடவிட்டே தூங்கலாமா?

நாமக்கல்_கிளீனர்
2016 டிசம்பர். லடாக்கில் இருக்கும் லேவுக்கு லோடு. ஜோஜிலா கணவாய் தாண்டிய அன்றே பனி கொட்டி, திராஸில் நிறுத்திவிட்டார்கள். முதல் ராத்திரி எல்லா வண்டியும் ஓடிக்கொண்டேதான் நின்றது, இரண்டாம் ராத்திரி டேங்க் அரைக்குக் கீழே போய்விட்டது என்று டிரைவர் மாமா அணைத்துவிட்டார். காலையில் செல்ஃப் அடித்தால் முனகுகிறது, அவ்வளவுதான். டீசல் ஃபில்டரைக் கழற்றினேன். ஆட்டுக்கால் சூப் ஆறினால் மேலே படியுமே கொழுப்பு, அதே வெள்ளை, அதே வழவழப்பு. ஜம்முவில் அடித்த டீசல், இந்தக் குளிருக்கு எங்கே தாங்கும்? கார்கில் டிரைவர் ஒருவர் தகரத் தட்டில் கரி மூட்டி டேங்குக்கு அடியில் தள்ளினார். நான் இருபது அடி ஓடிப்போய் நின்றேன். மாமா அதிலேயே குளிர் காய்கிறார்!

ஒன்டாரியோ_ஓட்டி
எனக்கு நேர்மாறு. கனடாவில் நெடுஞ்சாலை 11, ஹெர்ஸ்ட் ஊர்ப் பக்கம், மைனஸ் 34. நான் அணைக்கவில்லை, வண்டி தானாக அணைந்தது. ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் எஞ்சினை நிறுத்தும்படி கொம்பனி செட் பண்ணி வைத்திருக்கிறது. படுக்கை ஹீட்டரும் அன்றைக்கென்று பழுது. மூன்று மணிக்கு முழித்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் ஐஸ், தண்ணீர்ப் போத்தல் கல்லு. போன் அடித்தால் "பொலிசி அண்ணை" என்கிறான். விடியும்வரை சீட்டில் இருந்து, எஞ்சின் அணையப்போகிறது என்று எச்சரிக்கை லைட் வரும்போதெல்லாம், அணையாமலிருக்கப் பெடலை மிதித்தேன். மணிக்கு மூன்று லீட்டர் டீசல் மிச்சம் பிடிக்கிறார்களாம்.

டீசல்_மேதை
முதல் ஆள் சொல்வதில் தப்பு இருக்கிறது. அணைத்தது குற்றமில்லை, டீசல்தான் குற்றம். 2019இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே குளிர்கால டீசல் கொண்டுவந்தது, மைனஸ் 33 வரை உறையாது, அதைப் போட்டிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலக்கலாம் என்பார்கள், கலந்தால் வழுக்குத்தன்மை குறைந்து பம்ப் தேயும். அப்புறம், ராத்திரி முழுக்க 600 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 600 சுற்று) ஓடவிட்டால் சிலிண்டர் சூடே ஏறாது, எரியாத டீசல் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும், புதிய வண்டி என்றால் புகை ஃபில்டரும் அடைக்கும். 1000க்கு ஏற்றி வையுங்கள். கனடா அண்ணன் பிளாக் ஹீட்டரை, அதாவது எஞ்சினைக் கரண்டில் சூடாக்கும் ஹீட்டரை, ஸ்டார்ட் பண்ண இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சொருகணும். உறையாமலிருக்க ஊற்றும் மருந்தை உறைவதற்கு முன்னால் ஊற்றணும், உறைந்தபின் ஊற்றிப் பிரயோஜனமில்லை. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரில் தண்ணீரை வடித்துவிடணும். என் அனுபவமா? பஃபலோவில் ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை, கட்டி இழுத்துப் போனார்கள்.

நாமக்கல்_கிளீனர்
அண்ணே, 2019இல் வந்த டீசலை 2016இல் யாரிடம் போய் வாங்குவது?

ஒன்டாரியோ_ஓட்டி
பிளாக் ஹீட்டரைச் சொருக அந்த ரோட்டோரத்தில் பிளக் எங்கே அண்ணை இருக்கு? சுற்றிவர மரமும் பனியும்தான்.

பனிமூட்டம்
ஓடவிட்டே தூங்குபவர்கள் சைலன்ஸர் வாய் பனிக்குள் புதையாமல் பாருங்கள், புதைந்தால் புகை உள்ளே வந்துவிடும். எனக்குத் தலைவலி வந்துதான் முழிப்பே வந்தது. கதவைத் திறந்து பனியில் அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.