கெந்திங் மலையில் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று: தெர்மோஸ்டாட்டைக் கழற்றினது யார் தப்பு?

கோம்பாக்வாசி:
போன சனிக்கிழமை ராத்திரி அம்மாவையும் சின்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு கெந்திங் போனேன். காடி, ஜப்பானில் ஓடி இங்கே இறக்கின ரிகான் எம்பிவி. செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மேலே 1,800 மீட்டர் உயரம், மழை வேறு. கண்ணாடி உள்ளுக்குள் மங்கிவிட்டது. ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். காற்று நன்றாக வருகிறது, சூடுதான் இல்லை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஐஸ்பெட்டியத் திறந்த மாதிரி வருது" என்றார்.

ஒன்று மட்டும் விசித்திரம். கோத்தோங் ஜெயாவில் இஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தபோது கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்தது. இறக்கத்தில் கிளம்பினதும் மறுபடி குளிர். ஒரு பட்டறையில் காட்டினேன். டேஷ்போர்டுக்குள் காற்றைச் சூடாக்குகிற ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், 1,200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?

செந்தூல் ஸ்பேனர்:
தம்பி, 1,200 வெள்ளியை எடுத்துப் பையில் வை. நான் முப்பது வருசம் பட்டறையில் காடி பழுது பார்க்கிற போர்மேன். கோலாலம்பூரில் எவனுக்கு ஹீட்டர்? உள்ளூரில் ஓடுகிற பாதிச் சின்னக் காடிகளில் ஹீட்டர் கோரே கிடையாது, அவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்? ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு யூ ஹோஸ் போட்டு இணைத்துவிடு. பின்னால் கோர் ஒழுகி உன் கார்ப்பெட் நனையாது. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொடு.

ரிகான் ராஜா:
பாஸ், முதலில் பிளெண்ட் கதவைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்குகிற சின்னக் கதவு அது. அதைத் திருப்பும் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்தால் எவ்வளவு திருப்பினாலும் குளிர்தான்.

பினாங்கு ஜெயா:
பிளெண்ட் கதவு உடைந்திருந்தால் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி குளிராக இருக்கும் ராஜா. இவருக்கு நின்றால் சூடு, ஓடினால் குளிர். கோர் அடைப்பும் அப்படி நடந்துகொள்ளாது.

கோம்பாக்வாசி, காசு செலவில்லாத சோதனை ஒன்று. இஞ்சின் சூடானதும் பானட்டைத் திறந்து, டேஷ்போர்டுக்குள் நுழைகிற இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். மெதுவாக, ஃபேனில் கை படாமல். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு பிளெண்ட் கதவு. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோர் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்) குறைவு, காற்று அடைப்பு, இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட், அதாவது இஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கிற வால்வு. என் பந்தயம் தெர்மோஸ்டாட் மேல். காடி கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டுகிற ஓபிடி பிளக் ஒன்று வாங்கிச் செருகி, ஹைவேயில் கூலண்ட் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள்.

கோம்பாக்வாசி:
செய்தேன் அக்கா. கூலண்ட் நிறைய இருக்கிறது. இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் மாதிரி. ஜாலான் ஈப்போ ஜாமில் 82 டிகிரி. காராக் ஹைவேயில் 110இல் போகும்போது 64! பி0128 என்று ஒரு கோளாறு எண்ணும் காட்டுகிறது. பழைய ஓனருக்குப் போன் போட்டேன். "ஆமா, ஒரு தடவ சூடாச்சு, பட்டறையில தெர்மோஸ்டாட்டத் தூக்கிட்டாங்க, அதுக்கப்புறம் பிரச்சினையே இல்ல" என்கிறார்.

பினாங்கு ஜெயா:
ஆக, ஹீட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை. ஹீட்டர் கோர் என்பது சின்ன ரேடியேட்டர். இஞ்சின் தண்ணீரில் என்ன சூடு இருக்கிறதோ அதைத்தான் காற்றுக்குக் கொடுக்கும். 64 டிகிரித் தண்ணீர் போனால் மலைக்குளிரில் என்ன சூடு வரும்? பி0128 சொல்வதும் அதைத்தான்: கூலண்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை.

செந்தூல் ஸ்பேனர்:
ஓ, அப்போ கழற்றின போர்மேன் நல்ல காரியம் செய்திருக்கிறான். நானும் எத்தனையோ காடிக்குக் கழற்றியிருக்கிறேன். தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்கு. அங்கே காலையில் இஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும். நமக்கு வெளியே 33 டிகிரி, எதற்கு ஒரு கதவை வைத்துத் தண்ணீரை மறிப்பது? அந்தக் கதவு ஒரு நாள் மூடின வாக்கில் மாட்டிக்கொண்டால், இஞ்சின் தலையான ஹெட் வளைந்து, அதற்கடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற கேஸ்கெட் போய், 3,000 வெள்ளி. தங்கச்சி, நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

கிள்ளான் லோரி:
அண்ணன் சொல்வது சரி. என் பழைய லோரியில் தெர்மோஸ்டாட் இல்லாமல் பதினோரு வருசம் ஜொகூர் வரைக்கும் ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. டீசல் மட்டும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

பினாங்கு ஜெயா:
"கொஞ்சம்" எவ்வளவு என்று கணக்கு எழுதினீர்களா அண்ணே?

ஸ்பேனர் அண்ணே, 33 டிகிரி நமக்கு வெக்கை, இஞ்சினுக்கு இல்லை. அது 85, 90இல் ஓட வேண்டும் என்று செய்த சாமான். அடுப்பில் கொதிக்கிற ரசத்துக்கு நம் ஊர் நடுமத்தியானமும் குளிர்தான். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற வேலையில்தான் இருக்கிறேன், பதினான்கு வருசமாக. ஒரு வால்வைக் கழற்றிவிட்டு "இனி அடைக்காது" என்று நான் சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இஞ்சின் சூடாகாவிட்டால் கம்ப்யூட்டர் இன்னும் காலைதான் என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து இஞ்சின் ஆயிலில் சேரும். ஆயிலுக்குள் வருகிற ஈரமும் ஆவியாகிப் போகாது. கோம்பாக்வாசி, ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள்.

ரிகான் ராஜா:
அது மட்டுமில்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடும், ரேடியேட்டரில் ஆறுவதற்கே நேரம் இருக்காது. அதனால் சூடு ஏறும்.

செந்தூல் ஸ்பேனர்:
யூடியூப் பார்த்துவிட்டுப் பேசாதே ராஜா. 64 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று அந்தத் தம்பி இப்போதுதான் எழுதினான், நீ சூடு ஏறும் என்கிறாய். தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டைக் கூடுதலாகத்தான் கொண்டுபோய்க் கொட்டும்.

பினாங்கு ஜெயா:
இதில் நான் அண்ணன் பக்கம். ராஜா சொன்ன காரணம் தப்பு. ஆனால் கழற்றினபின் சூடு ஏறுகிற இஞ்சின்களும் உண்டு, காரணம் வேறு. சில தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இஞ்சினையே சுற்றிக்கொண்டிருக்கும்.

கோம்பாக்வாசி:
ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று, மயோனைஸ் மாதிரி. விரலில் தடவிப் பார்த்தால் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்த பிசுபிசுப்பு. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? பயமாக இருக்கிறது.

செந்தூல் ஸ்பேனர்:
ஆயில் அளவு பார்க்கிற கம்பி, டிப்ஸ்டிக், அதை இழுத்துப் பார். ஆயில் பாலாகியிருக்கிறதா? கூலண்ட் குறைகிறதா?

கோம்பாக்வாசி:
இல்லை அங்கிள். டிப்ஸ்டிக்கில் ஆயில் சாதாரணமாக இருக்கிறது. கூலண்டும் குறையவில்லை.

செந்தூல் ஸ்பேனர்:
அப்போ கேஸ்கெட் இல்லை, மூடியில் மட்டும் ஈரம் தங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் தினம் ஐந்து நிமிடம் ஓட்டுகிறவன் காடியிலும் இது வரும். சரி, சூடாகாததால் வந்தது என்று தங்கச்சி சொன்னால் அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நாங்கள் ஏன் கழற்ற ஆரம்பித்தோம் தெரியுமா? அந்தக் காலத்தில் கூலண்ட் ஊற்றினவன் யார்? எல்லாரும் பைப்புத் தண்ணீர். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அந்தத் துருவில் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்ளும். காடிக்காரன் புது சாமானுக்குக் காசு கொடுக்க மாட்டான், ஆனால் நடுவழியில் புகைந்து நின்றால் என் சட்டையைப் பிடிப்பான். வேறு என்ன செய்ய?

பினாங்கு ஜெயா:
அதை நான் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. பைப்புத் தண்ணீர் ஊற்றுகிற காடிக்கு அது அன்றைக்குக் கைவைத்தியம். இது கூலண்ட் ஊற்றி, கம்ப்யூட்டர் வைத்து ஓடுகிற காடி.

கிள்ளான் லோரி:
தெர்மோஸ்டாட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ரேடியேட்டர் முன்னால் பாதிக்கு அட்டை வைத்து மறைத்துவிட்டுக் கெந்திங் ஏறு, ஹீட்டர் சுடும்.

செந்தூல் ஸ்பேனர்:
அந்த ஏற்றத்தில் அட்டையா? லோரி, நீ வாயை மூடு.

கோம்பாக்வாசி:
தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன். ஒரிஜினல், ரப்பர் வளையத்தோடு 68 வெள்ளி. மேலே 82 என்று குத்தியிருக்கிறது. போடுவதற்கு முன் வீட்டிலேயே சோதித்தேன். வால்வு இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, அம்மாவின் பால் சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினேன். பக்கத்தில் சமையல் தெர்மோமீட்டர். 70இல் அசையவில்லை. 80இலும் இல்லை. 83 வந்தபோது "டொக்" என்று நூலிலிருந்து கழன்று சட்டிக்குள் விழுந்தது. 95 வரைக்கும் விட்டேன், வால்வு நன்றாகத் திறந்திருந்தது. உள்ளே இருக்கிற மெழுகு உருகி விரிந்து தள்ளுவதால்தான் திறக்கிறதாம், மின்சாரமே இல்லை. அம்மா வந்து சட்டியைப் பார்த்தார். மீதியை எழுதவில்லை.

பினாங்கு ஜெயா:
பொருத்தும்போது அந்தச் சின்ன ஜிகிள் வால்வு மேல் பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்ட் ஊற்றி, திறந்தபடியே ஸ்டார்ட் செய்து குமிழி நிற்கும் வரைக்கும் விடுங்கள். முன்சக்கரம் மேட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சூடான இஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது.

கோம்பாக்வாசி (நான்கு நாள் கழித்து):
போட்டாயிற்று. காராக் ஹைவேயில் 86, 87, அசையாமல் நிற்கிறது. ஹீட்டர் போட்டால் இரண்டு நிமிடம்கூட உட்கார முடியவில்லை, அவ்வளவு சூடு. ஏர்கான், ஹீட்டர் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கண்ணாடி ஒரு நிமிடத்தில் தெளிகிறது. ஏர்கான் ஈரத்தை இழுக்கிறது, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்குகிறது.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் ஜாலான் கூச்சிங் ஜாமில் 94, 98, 103 என்று ஏறியது. ஏர்கானை அணைத்துவிட்டு, அந்த வெயிலில் ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து மோட்டார்காரர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பானட்டைத் திறந்தால் இரண்டு ஃபேனில் ஒன்று சுற்றவே இல்லை.

செந்தூல் ஸ்பேனர்:
பார்த்தாயா? அந்த போர்மேன் ஒன்றும் மடையன் இல்லை. ஃபேன் போனதால் சூடேறியது, தெர்மோஸ்டாட்டைத் தூக்கி அந்தக் காடியை இத்தனை நாள் ஓடவைத்திருக்கிறான்.

பினாங்கு ஜெயா:
ஓடவைத்தார், சரி. ஃபேன் போனதை ஓனருக்குச் சொன்னாரா?

செந்தூல் ஸ்பேனர்:
…அது தப்புதான். சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி, ஃபேனைச் சரிசெய்கிற வரை அந்தக் காடியை ஜாமில் எடுக்காதே. ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்போம். சுற்றினால் கோளாறு ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சு), சுற்றாவிட்டால் மோட்டார். மோட்டார் என்றால் பூச்சோங்கில் பழைய காடிச் சாமான் விற்கிற ஹாஃப்கட் கடையில் எடுக்கலாம், புதுசு வேண்டாம். சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்குக் கொண்டு வா, ரோடு காலியாக இருக்கும். என்ன நிறக் கூலண்ட் ஊற்றினாய்? மேலே ஊற்ற அதே வகைதான் வேண்டும், வேறு வகையைக் கலக்க மாட்டேன்.

கோம்பாக்வாசி:
சிவப்பு அங்கிள். பாட்டிலையும் கொண்டு வருகிறேன். வரும் வழியில் பால் சட்டி ஒன்று வாங்க வேண்டும், பழையதை அம்மா காடி சாமான் பெட்டியில் போட்டுவிட்டார்.